கட்டப்படாத கப்பல்களும் ஒரு 110 அடிக் கதவும்

(முன்னாள் மாணவர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் தர்றோம். உன் கம்பெனி வேலையைப் பத்திப் பேசி அறுக்காதே" என்று அன்போடு சொல்லிவிட்டார். அதனால் என் வேலையைப் பற்றி நடுவில் ஒரே ஒரு நிமிஷம்தான் பேசப் போகிறேன். மீதி நேரமெல்லாம் கப்பல். அதுவும் எந்தக் கடலிலும் மிதக்காத கப்பல். டிராயிங் பேப்பரில் பிறந்து, டிராயிங் பேப்பரிலேயே முடிந்துபோன ராட்சதப் போர்க்கப்பல்கள்.

மிதக்காத கப்பலைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கட்டிய கப்பலைப் பற்றி ஆயிரம் புத்தகம் இருக்கிறது. ஆனால் ஒரு கப்பல் ஏன் அந்த அளவோடு நின்றது, அதைவிடப் பெரிதாக ஏன் போகவில்லை என்பதை, கட்டாத கப்பல்தான் நமக்குச் சொல்லும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், முதல் வருஷப் பாடம்தான். பேட்டில்ஷிப் என்பது என்ன? பெரிய பீரங்கிகளையும், எதிரியின் குண்டைத் தாங்கும் தடித்த கவசத் தகடுகளையும் சுமந்துகொண்டு ஓடும் ஒரு மேடை. பீரங்கியின் குழல் விட்டத்தை 16 அங்குலத்திலிருந்து 20 அங்குலமாக்கினால், அதாவது ஒன்றேகால் மடங்காக்கினால், குண்டின் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். விட்டத்தின் மும்மடிக் கணக்கு. அந்தக் குண்டைத் தாங்கக் கவசம் தடிக்க வேண்டும். கவசம் தடித்தால் கப்பல் பெருக்க வேண்டும். கப்பல் பெருத்தால் எதிரி நாடு அதைவிடப் பெரிய பீரங்கி செய்யும். இந்தச் சுழலில்தான் 1906-இல் சுமார் 18,000 டன்னாக இருந்த பிரிட்டனின் டிரெட்நாட், பத்தே வருஷத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 31,000 டன்னைத் தாண்டியது.

இதை வாஷிங்டனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பெஞ்சமின் டில்மன். தென் கரோலினா மாநிலத்தின் செனட்டர், செனட்டின் கடற்படைக் குழுவுக்குத் தலைவர். நல்ல மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்க வெளிப்படையாகவே பாடுபட்டவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. வருஷா வருஷம் கடற்படைக்காரர்கள் வந்து, போன வருஷத்தைவிடக் கொஞ்சம் பெரிய கப்பலுக்குப் பணம் கேட்கிறார்கள். இப்படித் தவணை முறையில் கேட்பதை விட்டுவிட்டு, கடைசி அளவு என்னவோ அதை ஒரேயடியாகச் சொல்லிவிடுங்களேன் என்பதுதான் அவர் எண்ணம். 1912-இல் ஒருமுறை, 1916-இல் மறுமுறை கேட்டார்.

கடற்படையின் கட்டுமானப் பிரிவுப் பொறியாளர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்லைடு ரூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி அளவு என்றால் அதற்கு எல்லை எது? கடலா? கடலுக்கு எல்லை இல்லை. இரும்பா? அமெரிக்காவில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அவர்கள் கண்டுபிடித்த எல்லை ஒரு கதவு.

1914-இல் திறந்த பனாமா கால்வாயில் கப்பல்கள் படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறி இறங்க வேண்டும். அதற்கு 'லாக்' என்கிற கான்கிரீட் தொட்டிகள். தொட்டிக்குள் கப்பல் நுழைந்ததும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றுவார்கள், கப்பல் மேலே வரும். அந்தத் தொட்டியின் நீளம் 1,000 அடி, அகலம் 110 அடி. அட்லாண்டிக்கில் இருக்கும் கடற்படை பசிபிக்குக்கு அவசரமாகப் போக வேண்டுமென்றால் இந்த வழிதான். இல்லையென்றால் தென் அமெரிக்காவையே சுற்ற வேண்டும். ஆகவே கப்பலின் நீளம் 975 அடி, அகலம் 108 அடி. பக்கத்துக்கு ஓர் அடி இடைவெளி! ஆழம், துறைமுகங்களையும் உலர்துறைகளையும் வைத்துப் பார்த்தால் 33 அடிக்குள்.

இந்த மூன்று எண்ணையும் வைத்து நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 297 மீட்டர், 33 மீட்டர், 10 மீட்டர். செங்கல் மாதிரி ஒரு முழுப் பெட்டியாகத் தண்ணீரில் இறக்கினால், அது தள்ளும் கடல்நீர் ஏறக்குறைய ஒரு லட்சம் டன். அவர்கள் வரைந்ததில் மிகப் பெரிய கப்பல் 80,000 டன். அதாவது பெட்டியில் ஐந்தில் நான்கு பங்கு. அந்தக் காலத்துச் சாதாரண பேட்டில்ஷிப் தன் பெட்டியில் பத்தில் ஆறு, ஆறரைப் பங்குதான் நிறைக்கும். முன்னும் பின்னும் கூராகச் செதுக்கினால்தானே ஓடும்? மூலை முடுக்கெல்லாம் நிரப்பினால்தான் அந்த 80,000 வரும். கப்பல் என்பதைவிட, லாக் தொட்டியை அச்சாக வைத்து வார்த்தெடுத்த வார்ப்பு என்று சொல்லலாம். அச்சு முதலில், வார்ப்பு பிறகு.

ஒரே டிசைன் இல்லை, பல வகை வரைந்தார்கள். 63,500 டன்னில் தொடங்கி 80,000 வரை. ஒன்றில் வேகம் 30 நாட். ஒன்றில் பக்கக் கவசம் 18 அங்குலத் தடிப்பு, நம் வீட்டுச் சுவரைவிடத் தடித்த எஃகு. ஒன்றில் 16 அங்குலப் பீரங்கி மொத்தம் 24. அதை எப்படி அடுக்கினார்கள் தெரியுமா? ஒரு டரட்டுக்கு, அதாவது சுழலும் பீரங்கி மாடத்துக்கு, ஆறு பீரங்கி வீதம் நான்கு மாடம். ஆறு பீரங்கி ஒரே மாடத்தில் எந்தக் கப்பலிலும் இருந்ததில்லை. எதிரியின் ஒரு குண்டு சரியான இடத்தில் விழுந்தால் ஒரேயடியாக ஆறும் போச்சு. இன்னொன்றில் 18 அங்குலப் பீரங்கி 15. இந்தக் கடைசி டிசைனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஜப்பானுக்குப் போகும்போது வேலை இருக்கிறது.

1917 தொடக்கத்தில் டிசைன்கள் தயார். ஆனால் அந்த ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. ஜெர்மன் நீர்மூழ்கிகளை விரட்டச் சின்ன டெஸ்ட்ராயர்கள்தான் உடனே தேவை. ராட்சதன் அலமாரிக்குள் போனான். டில்மன் 1918-இல் காலமானார்.

அதே காலத்தில் பிரிட்டனில் ஃபிஷர் பிரபு 1915-இல் ஒன்று யோசித்தார். பெயரே 'இன்கம்பேரபிள்', ஒப்பற்றது. 1,000 அடி நீளம், 20 அங்குலப் பீரங்கி ஆறு, 35 நாட் வேகம். கவசமோ அந்த அளவுக்குக் குறைவு. கிழவருக்கு வேகப் பைத்தியம். பிறகு 1921-இல் பிரிட்டன் 18 அங்குலப் பீரங்கியோடு 48,000 டன் கப்பல்களும் திட்டமிட்டது. 1922 பிப்ரவரியில் வாஷிங்டன் ஒப்பந்தம் வந்தது. ஒரு கப்பல் 35,000 டன், பீரங்கி 16 அங்குலம், அதற்குமேல் கூடாது. எல்லோரும் ரப்பரை எடுத்து அழித்தார்கள். போட்டியில் காசு தீர்ந்துபோயிருந்த எல்லா நாடுகளுக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான் என்பது என் கட்சி.

இப்போது நான் சொன்ன அந்த ஒரு நிமிஷம். நான் வேலை பார்ப்பது பெரிய பெரிய அழுத்தக் கலன்கள் செய்யும் இடத்தில். புது டிராயிங் வந்தால் டிசைன்காரர்கள் நாங்கள் தடிப்பு, வெல்டிங், அழுத்தம் என்று பேசிக்கொண்டிருப்போம். எங்கள் ஃபோர்மேன் ஒருவர், ஐ.டி.ஐ. முடித்து முப்பது வருஷம் ஷாப் ஃப்ளோரில் இருப்பவர், டிராயிங்கை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "சார், இது கேட்டைத் தாண்டுமா?" கேட்டைத் தாண்டினால் அடுத்து ரயில்வே கேட், அதற்கப்புறம் மேம்பாலம், அதற்கப்புறம் ஆற்றுப்பாலம். பண்டத்தின் அளவை முடிவு செய்வது பண்டம் இல்லை, போகிற வழி. இந்தக் கட்டப்படாத கப்பல்களைப் படிக்கும்போதெல்லாம் அவர் குரல்தான் எனக்குக் காதில் விழும்.

சோவியத் ரஷ்யாவில் கதையே வேறு. அங்கே கேட் கால்வாயில் இல்லை, தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தது. 1938-இல் ஸ்டாலின் காலத்தில் 'சோவியத்ஸ்கி சோயூஸ்' வகைக் கப்பல்களைத் தொடங்கினார்கள். நிறை எடை 65,000 டன், 40.6 சென்டிமீட்டர் பீரங்கி ஒன்பது. நான்கு கப்பலுக்கு அடித்தளம் போட்டாயிற்று. ஆனால் 230 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த கவசத் தகட்டுக்கு, வேண்டிய முறையில் மேற்பரப்பைக் கடினமாக்க அவர்கள் ஆலைகளால் முடியவில்லை. தரம் குறைந்த வேறு முறைக்கு இறங்கினார்கள். அப்படியும் 1939-இல் தேவைப்பட்டதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தகடு வந்து சேர்ந்தது, வந்ததிலும் கணிசமானது பரிசோதனையில் தள்ளுபடி. டர்பைனுக்கு சுவிட்சர்லாந்துக்காரர்களை நம்பினார்கள். வடக்கே கட்டிக்கொண்டிருந்த நான்காவது கப்பலில், அடித்த ரிவெட்டுகளில் 70,000 தரமில்லாதவை என்று கண்டுபிடித்தார்கள். எழுபதாயிரம்! 1940 அக்டோபரில் அந்தக் கப்பலை ரத்து செய்தார்கள். மற்ற மூன்றும் முடியவே இல்லை. 60,000 டன் கப்பலை வரைவது ஒரு அலுவலகத்தின் வேலை. கட்டுவது ஒரு நாட்டின் ரிவெட் பட்டறை வரைக்கும் போகிற வேலை.

அடுத்து ஜெர்மனி. 1939-இல் ஹாம்பர்க்கிலும் பிரேமனிலும் இரண்டு 'எச்' வகைக் கப்பலுக்கு அடித்தளம் போட்டார்கள். 40.6 சென்டிமீட்டர் பீரங்கி எட்டு, எல்லாம் டீசல் என்ஜின், நிறை எடை 60,000 டன்னுக்கு மேல். பிரேமன் கப்பலுக்கு அடித்தளம் போட்ட நாள் எது தெரியுமா? 1939 செப்டம்பர் 1. போலந்துக்குள் படை நுழைந்த அதே நாள். சில வாரத்தில் இரண்டு வேலையும் நின்றது. இரும்பு நீர்மூழ்கிகளுக்குத் தேவைப்பட்டது.

வேலை நின்றது, டிராயிங் நிற்கவில்லை. அதுதான் வேடிக்கை. 1941 ஜூலையில் ஷார்ன்ஹோர்ஸ்ட் கப்பல் மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்து தளத்தைத் துளைத்தது. உடனே டிசைனில் தளக் கவசத்தைத் தடித்தார்கள். எடை ஏறியது. எடை ஏறியதால் ஆழம் ஏறியது. ஆழத்தைக் குறைக்க அகலப்படுத்தினார்கள். அகலமானதால் வேகம் வேண்டி நீளப்படுத்தினார்கள். நீளமானதால் கவசம் போட வேண்டிய பரப்பு கூடியது. மறுபடி எடை. நம் டிசைன் வகுப்பில் இட்டரேஷன் என்று சொல்லிக்கொடுப்பார்களே, திரும்பத் திரும்பப் போட்டால் விடை ஒரு இடத்தில் வந்து நிற்கும் என்று? இங்கே விடை நிற்கவே இல்லை, விரிந்துகொண்டே போனது. கடைசி எண் எச்-44. நீளம் 345 மீட்டர், நம்ம ஊர் பதினைந்து பெட்டி ரயில் நிற்கிற நீளம். அகலம் 51.5 மீட்டர். நிறை எடை 1,40,000 டன்னுக்கு மேல். பீரங்கி 50.8 சென்டிமீட்டர், அதாவது 20 அங்குலம்.

1943 தொடக்கத்தில் ஹிட்லர் கோபத்தில், மிதந்துகொண்டிருக்கிற பெரிய போர்க்கப்பல்களையே உடைத்துப் போடச் சொன்னார். கடற்படைத் தலைவர் ரேடர் பதவி விலகினார். அதற்கப்புறமும் 1944 வரை இந்தக் கணக்கு நடந்துகொண்டிருந்தது! டில்மனுக்குப் பதில் வரைந்த அமெரிக்கர்களுக்கு ஒரு கதவு இருந்தது, அதனால் ஒரு விடையும் இருந்தது. எச்-44 வரைந்தவர்களுக்குக் கதவும் இல்லை, கட்ட இரும்பும் இல்லை, எதற்கு என்று கேட்க ஆளும் இல்லை. எங்கள் ஃபோர்மேன் அங்கே இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார்.

இனி பனாமாக் கதவுக்குத் திரும்புவோம். அந்தக் கதவை அமெரிக்கர்களைவிடக் கவனமாக அளந்து வைத்திருந்தவர்கள் ஜப்பானியர்கள்.

ஜப்பான் கணக்கு இது. கப்பல் எண்ணிக்கையில் அமெரிக்காவோடு போட்டி போட முடியாது, அவர்கள் தொழில் பலம் அப்படி. ஆனால் அமெரிக்கா தன் கப்பலைப் பனாமா லாக்கைத் தாண்டி அகலப்படுத்தாது. 110 அடிக்குள் அடங்கும் கப்பல் 18 அங்குலப் பீரங்கியைச் சரியாகத் தாங்காது. நமக்குப் பனாமா தேவையில்லை. ஆகவே 18 அங்குலப் பீரங்கிக் கப்பல் கட்டினால், எண்ணிக்கையில் தோற்றாலும் தரத்தில் ஜெயிக்கலாம். எதிரியின் கதவையே தனக்குக் கவசமாக்கிக்கொண்ட யோசனை. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் நான் நினைவில் வைக்கச் சொன்ன டிசைனை இப்போது எடுங்கள். 108 அடி அகலத்துக்குள் 18 அங்குலப் பீரங்கி பதினைந்தை அமெரிக்கர்கள் 1917-லேயே பேப்பரில் வைத்துக் காட்டியிருந்தார்கள். நல்ல கப்பலாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம். முடியவே முடியாது என்பது மட்டும் உண்மையில்லை.

1937 நவம்பரில் யமாட்டோவுக்கு அடித்தளம் போட்டார்கள். இது கட்டப்பட்ட கப்பல், நம் தலைப்புக்கு வெளியே. ஆனாலும் ஒரு நிமிஷம் நின்றுதான் போக வேண்டும். அகலம் 38.9 மீட்டர், நிறை எடை 70,000 டன்னுக்கு மேல், பீரங்கி 46 சென்டிமீட்டர், ஒரு குண்டு 1,460 கிலோ. கூரே துறைமுகத்தில் உலர்துறையை ஆழப்படுத்தினார்கள். இரட்டைக் கப்பலான முசாஷியை நாகசாகியில் கட்டும்போது, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கயிற்றால் பின்னிய ராட்சதத் திரையைத் தொங்கவிட்டார்கள். மீனவர்களுக்குக் கயிறு கிடைக்காமல் போனதாம். ஒரு பீரங்கி மாடம் மட்டும் சுமார் 2,500 டன், அக்காலத்து டெஸ்ட்ராயர் ஒன்றைவிட எடை அதிகம். அதை கூரேயிலிருந்து நாகசாகிக்கு எப்படிக் கொண்டுபோவது? சாலையில் போகாது, ரயிலில் போகாது. அதற்கென்றே 'காஷினோ' என்று தனியாக ஒரு கப்பல் கட்டினார்கள். கப்பலின் பாகத்தைக் கொண்டுபோக ஒரு கப்பல்! கேட்டைத் தாண்டுமா என்கிற கேள்விக்கு இவ்வளவு விலை கொடுத்துப் பதில் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை.

அதற்கு அடுத்ததுதான் கட்டப்படாதது, ஏ-150. அமெரிக்கா எப்படியும் 18 அங்குலத்துக்கு வந்துவிடும் என்று பயந்து, 51 சென்டிமீட்டர் பீரங்கி. பக்கக் கவசம் 46 சென்டிமீட்டர் தடிப்பு. அவ்வளவு தடித்த ஒற்றைத் தகட்டை அவர்கள் ஆலைகளால் உருட்ட முடியாது, இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாக இருந்தார்கள். இரண்டு தகடு சேர்ந்து ஒரே தகட்டின் வலுவைத் தராது என்று மெட்டீரியல்ஸ் பாடம் எடுக்கிற நம் பேராசிரியர் முதல் வரிசையிலிருந்து தலையாட்டுகிறார். பிறகு விமானந்தாங்கிகளின் அவசரம் வந்து திட்டம் நின்றது. போர் முடியும்போது காகிதங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கப்பலின் முழு உருவம் இன்று நம்மிடம் இல்லை.

யமாட்டோவுக்கு என்ன ஆனது? 1945 ஏப்ரல் 7. ஒகினாவாவை நோக்கிப் போனபோது முந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சுமார் 3,000 பேர் அதோடு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பிகள் வயதுதான். எந்த அமெரிக்க பேட்டில்ஷிப்பைத் தூரத்திலிருந்தே அடித்து வீழ்த்த வேண்டும் என்று அந்தப் பீரங்கிகளைச் செய்தார்களோ, அப்படி ஒன்றைக்கூட அது கடைசிவரை எதிர்கொள்ளவில்லை. முசாஷியையும் அதற்கு முன்பே, 1944 அக்டோபர் 24-இல், விமானங்களே மூழ்கடித்திருந்தன. கட்டாமல் விட்ட டிசைன்களைப் பார்த்துச் சிலர் "அடடா, கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்" என்று ஏங்குவார்கள். எனக்கு அந்த ஏக்கம் வருவதில்லை. ஏ-150 மிதந்திருந்தால் இன்னொரு 3,000 பேர் என்றுதான் தோன்றுகிறது.

சரி, அமெரிக்கா உண்மையில் அந்தக் கதவுக்குள்ளேயே நின்றதா? நிற்கவில்லை. 1940 ஜூலையில் 'மொன்டானா' வகைக் கப்பல் ஐந்துக்கு அனுமதி கொடுத்தது அவர்கள் காங்கிரஸ். 60,000 டன், 16 அங்குலப் பீரங்கி 12. அகலம் 121 அடி! கால் நூற்றாண்டாக எல்லா டிசைனையும் கட்டிப்போட்ட 110 அடியை ஒரே கையெழுத்தில் தாண்டிவிட்டார்கள். கப்பல் கதவுக்குள் நுழையாது என்றால் கதவைப் பெரிதாக்கு என்று முடிவு. பனாமாவில் 140 அடி அகலத்தில் மூன்றாவது வரிசை லாக் தொட்டிகளுக்குப் பள்ளம் தோண்டவே தொடங்கிவிட்டார்கள். ஜப்பானின் மொத்தக் கணக்கும், எதிரி தன் கதவை மாற்ற மாட்டான் என்கிற ஒற்றை ஆணியில் தொங்கியது. அந்த ஆணியைப் பிடுங்க ஒரு தீர்மானம் போதுமாக இருந்தது.

ஆனால் மொன்டானாவும் பிறக்கவில்லை. விமானந்தாங்கிகளும் தரையிறங்கு படகுகளும் முந்திக்கொண்டன. பனாமாப் பள்ளத்தில் 1942-இல் வேலை நின்றது, 1943 ஜூலையில் ஐந்து கப்பலையும் ரத்து செய்தார்கள். பாதி தோண்டிய பள்ளங்கள் அப்படியே கிடந்தன. பிறகு பனாமா நாடு கால்வாயை விரிவாக்கியபோது, அந்தப் பழைய பள்ளத்தின் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொண்டது. 2016 ஜூனில் திறந்தார்கள். புதுத் தொட்டியின் அகலம் 55 மீட்டர், நீளம் 427 மீட்டர். மொன்டானா தாராளமாகப் போகும். எச்-44கூட நெருக்கிப் பிடித்து நுழைந்துவிடும். இப்போது அந்த வழியாகக் கன்டெய்னர் கப்பல்கள் போகின்றன, உள்ளே துணிமணியும் டெலிவிஷனும் இருக்கலாம்.

கடைசி வருஷத் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். டில்மன் டிசைன்களின் அசல் வரைபடத் தாள்களை அமெரிக்கக் கடற்படை வரலாற்றுத் துறை பத்திரமாக வைத்திருக்கிறது, பொதுமக்கள் பார்க்கலாம். ஒவ்வொரு தாளிலும் பக்கவாட்டுத் தோற்றமும், ஓரத்தில் எடை, வேகம், கவசம் பற்றிய சின்னப் பட்டியலும் இருக்கும். உங்கள் மினி டிராஃப்டரை எடுத்து ஒரு கப்பலை வரைந்து பாருங்கள். நான் போட்ட பெட்டிக் கணக்கைப் புது லாக்குக்கும் போட்டுப் பாருங்கள். யாராவது விடையோடு வந்தால் மதியச் சாப்பாட்டு மேசையில்தான் இருப்பேன்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார்.